கொட்டாவி விட்டால் வண்டி பாஸ்

தொண்ணூறுகளில் பெங்களூரிலிருந்து கிளம்பிய சரக்கு ரயில்கள் டீசலில் ஓடின என்று நினைப்பவர்களுக்கு விஷயம் தெரியாது. அவை ஒரு மனிதரின் கொட்டாவியில் ஓடின.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் டீசல் ஷெட்டில் சம்பளப் பட்டியல் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. பழைய எஞ்ஜின்களைப் பிரித்து மறுபடி கட்டும் பிரிவில் அவர் மேஸ்திரி, நான் ஃபிட்டர். ஊருக்கெல்லாம் அவர் கொட்டாவி மேஸ்திரி.

மறுபடி கட்டுவது என்றால் என்னவோ என்று நினைக்காதீர்கள். முப்பது வருஷம் சிமெண்டும் இரும்புத் தாதும் இழுத்து ஓய்ந்த எஞ்ஜின் ஒன்று வரும். எலும்புக்கூடு தெரியும்வரை பிரிப்போம். விரிசலுக்கு வெல்டிங், புது பிஸ்டன், புது ஒயர், புதுப் பெயிண்ட். திங்கட்கிழமை பூமாலை போட்டு அனுப்புவோம். வியாழக்கிழமை இன்னொரு எஞ்ஜின் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும். எண்ணெயில் தண்ணீர் என்பார்கள். அதைச் சரிசெய்தால் டர்போ புகை கக்கும். அதையும் சரிசெய்தால் ஒயர் கருகும். மறுபடி பிரிப்போம். அந்த நாட்களில் எங்கள் ஷெட்டில் சிரித்தவர்கள் யாரும் எனக்கு நினைவில்லை.

"பார்ட்டு பார்ட்டா பாத்தா எல்லாம் நல்லதுங்கதாம்பா. ஒண்ணா குடித்தனம் வெச்சாத்தான் பேஜாரு" என்பார் மேஸ்திரி. 

அவர் வீடு ஒக்கலிபுரத்தில், தண்டவாளத்தை ஒட்டி. அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் முழுசாகத் தூங்கியதில்லை. காரணம் கேட்டால், "நம்ம கட்ன வண்டி போனா சத்தத்துலயே தெரிஞ்சிடும். அது எங்கயாவது இருமுதான்னு கேட்டுனே படுத்திருப்பேன். அப்புறம் எங்க தூக்கம்?" என்பார்.

இந்தப் பாக்கித் தூக்கம்தான் எங்கள் ஷெட்டின் மிக நம்பகமான கருவி. கட்டி முடித்த எஞ்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சோதிக்கும்போது, காது கிழியும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரீஸ் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். சத்தம் சீராக இருந்தால் அது அவருக்குத் தாலாட்டு. பத்தாவது நிமிஷம் கடைவாய்ப் பல் தெரிய ஒரு கொட்டாவி வரும். இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டும். வண்டி பாஸ். எங்காவது பிசிறு இருந்தால் ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டே இருப்பார். ஆபீசர்கள் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார்கள். டிரைவர்கள் அதைப் படிப்பதில்லை. "கொட்டாவி ஆச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு ஏறுவார்கள்.

இந்தக் கொட்டாவியில்தான் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

'புதுப்பொண்ணு' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த கிழட்டு எஞ்ஜின் ஒன்று நாலு மாதமாக எங்களை விட்டுப் போக மறுத்தது. அது போகும்வரை யாருக்கும் லீவு இல்லை. குடியாத்தத்தில் என் நிச்சயதார்த்தம் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. "மூணாவது தடவையும் தள்ளுனா மாப்பிள்ளையை அந்த இஞ்சினுக்கே கட்டி வெச்சிடுங்க" என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை நிச்சயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கிரீஸ் டின் மேல் உட்கார்ந்திருக்கிறார், ஒரு மணி நேரமாக, கண் இமைக்காமல்.

"ஏன் மேஸ்திரி, ஆயித்தா?" என்று, முடிந்ததா எனக் கன்னடத்தில் கேட்டார் எங்கள் ஃபோர்மேன். எல்லா மீட்டரும் சரியாகத்தான் காட்டின.

"இன்னும் இல்ல சார். உள்ள யாரோ முனகுறாங்க."

எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் அந்த யோசனையும் வந்தது. கொட்டாவி தொற்றுநோய் அல்லவா? அவர் எதிரில் போய் நின்று வாயைப் பிளந்தேன். என் நிலைமை தெரிந்த வெல்டர் பிளந்தார். எலக்ட்ரீஷியன், டீ கொண்டுவந்தவர், கடைசியில் ஃபோர்மேனும் பிளந்தார். அந்தப் பக்கம் வந்த ஆபீசர் ஒருவர், இங்கே காற்றோட்டம் போதவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். மேஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக வாயைத் திறந்து கொட்டாவி விட்டார். ஷெட்டே கைதட்டியது.

மறுநாள் காலை பதினேழு உறவினர்கள், பழத்தட்டுகள், சீர்ப் பாத்திரங்கள், ஒரு அண்டா லட்டு சகிதம் பாசஞ்சர் ரயிலில் கிளம்பினோம். பங்காரப்பேட்டை தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. நின்றதுதான், ஒரு மணி நேரமாக நகரவில்லை. முன்னால் போன சரக்கு ரயிலின் எஞ்ஜின் பழுது என்றார் கார்டு. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தச் சரக்கு ரயிலின் நீளத்துக்கும் நடந்து போனேன்.

புதுப்பொண்ணேதான். படிக்கட்டில் ஸ்பேனரும் கையுமாக மேஸ்திரி.

"நீ இன்னாப்பா இங்க? வேட்டியில எண்ணெ படும், போ."

"நீங்க இன்னா மேஸ்திரி இங்க?"

"நேத்து அந்த முனகல் அடங்கல. அதான் கூடவே வந்துட்டேன். தண்ணி பைப் ஜாயிண்ட் லீக்கு. தண்ணி எறங்கி வண்டி தானா அணைஞ்சிடுச்சு. டைட் பண்ணிட்டேன். தண்ணி ரொப்பணும், ஏனம்தான் இல்ல."

எந்த ஜாயிண்ட் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவசரத்தில் அரைகுறையாக முடுக்கியது யார் என்று அவரும் கேட்கவில்லை.

பக்கத்து லெவல் கிராசிங்கில் ஒரு கைப்பம்பு இருந்தது. நான் திரும்பி ஓடினேன். அண்டாவிலிருந்த லட்டு பெரியம்மாவின் பழம்புடவைக்கு மாறியது. அண்டா, வாளி, தூக்கு, குடம் எல்லாம் எஞ்ஜினுக்கு அணிவகுத்தன. சில்க் ஜிப்பா போட்ட மாமாக்கள் மூச்சு வாங்கத் தண்ணீர் சுமந்தார்கள். "சீர் ஏனத்துல இஞ்சினுக்குத் தண்ணியா? வெளங்கிடும்!" என்று பெரியம்மா வழிநெடுகச் சபித்தார். கடைசி வாளி ஊற்றியதும் புதுப்பொண்ணு ஒரு முறை குலுங்கி உயிர் பெற்றாள்.

"முனகல் கேட்டும் எதுக்கு மேஸ்திரி கொட்டாவி வுட்டீங்க?"

"நான் எங்க வுட்டேன்? நீ வுட்ட மாதிரிதான் நானும் வுட்டேன். என் கண்ணுல தண்ணி வந்துச்சா, பாத்தியா? போப்பா, அந்தப் பொண்ணு காத்துனு இருக்கும்."

நிச்சயதார்த்தம் ஒழுங்காக நடந்தது. லட்டில் டீசல் வாசனை என்று ஒரு சிலர் சொன்னார்கள். ஏன் வண்டியை அனுப்பினீர்கள் என்று மேலிடம் விளக்கம் கேட்டது. மேஸ்திரி எழுதிக் கொடுத்தது ஒரே வரி: 'மிகவும் சோர்வாக இருந்தது.' என் பெயர் அதில் இல்லை. எச்சரிக்கைக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த எஞ்ஜினைப் பிரிக்கப் போனார்.

கல்யாணத்துக்கு வந்திருந்தார். முதல் வரிசையில், தவில்காரருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் தாலி கட்டும் நேரம் பார்த்து, கடைவாய்ப் பல் தெரிய ஒரு கொட்டாவி விட்டார்.

"என் கழுத்துல தாலி ஏறும்போது கொட்டாவி வுட்டாரே அந்த மனுஷன்!" என்று என் மனைவி இன்றைக்கும் ஆற மாட்டாமல் சொல்வாள். அன்று மணையில் உட்கார்ந்தபடி நான் அவருடைய கண்களைத்தான் பார்த்தேன். இரண்டிலும் தண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது.