குழிக்குள் இறங்கிய பீரங்கி திரும்பாது

பலகைநாட்டில் போரென்றால் மேசைமேல்தான் நடக்கும். மக்கள் வாக்களித்து அமர்த்திய மன்னர் மரப்பொம்மைகளை நகர்த்துவார். அவர் நகர்த்தியபடியே நாட்டில் படைகள் நகரும். சந்தேகம் வந்தால் விதிநூல் இருக்கிறது. விதிநூலில் சந்தேகம் வந்தால் பொருள்கூறும் சபை இருக்கிறது. சபையில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒருநாள் மன்னர் பீரங்கிப் பொம்மை ஒன்றை எல்லையோரக் குழியில் இறக்கினார். இறக்கும்போது கொட்டாவி வந்தது. பொம்மை திரும்பி உட்கார்ந்துவிட்டது. மறுநாள் அந்த எல்லையிலிருந்த காரையூர்க் கம்பங்கொல்லையில் வீரர்கள் குழிவெட்டி நிஜப் பீரங்கியை இறக்கினார்கள். எதிரி நாடு கிழக்கே. பீரங்கியின் வாயோ மேற்கே, காரையூரைப் பார்த்து இருந்தது. முதல் வீடு மாடத்தியுடையது.

அவள் தலைநகருக்கு நடந்தே போனாள்.

"சாமி, பீரங்கிய கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. வீட்டுல பச்சப்புள்ள இருக்கு."

சபைத் தலைவர் அனந்தபத்மர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "விதி பன்னிரண்டு. குழியில் இறங்கிய பீரங்கி திரும்பலாகாது. ஒரு வீட்டுக்காக விதியை மாற்ற முடியுமா, அம்மா?"

"அப்ப நாங்க என்னதான் பண்றது?"

சபை மூன்று நாள் யோசித்தது. பீரங்கி எதிரியை நோக்கியே நிற்கும் என்கிறது விதி மூன்று. ஆகவே அது எதை நோக்கி நிற்கிறதோ அதுவே எதிரி. காரையூர் பகைநாடென்று அறிவிக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலிலிருந்து ஊரின் பெயரை அடித்தார்கள். கிணற்றுக்குக் காவல் போட்டார்கள். தலைநகரின் வடக்கு வீதியில் வெடி வெடித்து இனிப்பு வழங்கினார்கள். பாவிகள், ஒருவராவது காரையூர் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கேட்டார்களா?

சுடாத பீரங்கியை இழக்க நேரிடும் என்பது விதி பதினேழு. சுட்டார்கள். அந்த நேரத்தில் மாடத்தி இரண்டாவது மனுவோடு சபை வாசலில் காத்திருந்தாள். வீட்டில் புருஷனும் குழந்தையும் இருந்தார்கள்.

மேசைமேல் மன்னருக்கு வெற்றி.

மாடத்தி அந்த வாசலை விட்டுப் போகவில்லை. போக வீடில்லை.

அடுத்த ஆட்டத்தில் மன்னருக்குத் தும்மல் வந்தது. தலைநகர் ஓரத்தில் வெட்டிய புதுக்குழியில், பீரங்கி வடக்கு வீதியைப் பார்த்து இறங்கியது. சபைக்கு இப்போது முன்னுதாரணமும் இருந்தது.

விடிந்ததும் வடக்கு வீதிக்காரர்கள் மனுக்களோடு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர், இனிப்பு வழங்கிய வணிகர் குலசேகரன், வாசலில் இருந்தவளைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, உள்ள சொன்னா கேப்பாங்களா?"

மாடத்தி நகர்ந்து வழிவிட்டாள்.

"போங்க. ரொம்ப மரியாதையா கேட்டுக்குவாங்க."