ரிஜெக்ட் அக்காவும் நாவல்கொட்டைப் பொடியும்

ஒரகடத்தில் ரிஜெக்ட் அக்கா திருப்பி அனுப்பாத பொருள் என்று ஒன்று கிடையாது. நாங்கள் வேலை பார்த்த கார் வயரிங் கம்பெனியில் அவள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சந்தேகம் வந்தால் மஞ்சள் ‘ஹோல்டு’ டேக், சந்தேகம் உறுதியானால் சிவப்பு ‘ரிஜெக்ட்’ டேக். கல்யாணத்தன்று கையைப் பின்னால் விட்டு, தாலியின் மூன்று முடிச்சையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கர்ப்பத்தின் ஆறாம் மாதம் சுகர் வந்தது. டாக்டர் இன்சுலின் எழுதிக்கொடுத்தார். உடனே கம்பெனி பஸ்ஸே வைத்தியசாலையாகிவிட்டது. ஒருத்தி பாகற்காய் ஜூஸ் என்றாள், இன்னொருத்தி ஆவாரம்பூ கஷாயம் என்றாள். வாலாஜாபாத்திலிருந்து மாமியார் ஒரு பாட்டில் நிறைய நாவல்கொட்டைப் பொடியோடு வந்து இறங்கினார்.

“ஊசியெல்லாம் வோணாம்மா. இது வெறும் கொட்டைதான், இன்னா பண்ணிடப் போவுது?”

“ஒண்ணும் பண்ணாதுன்னா நான் எதுக்கு அத்த துன்னணும்? பண்ணும்னா, உள்ள கீற புள்ளைய இன்னா பண்ணும்? யாரு டெஸ்ட் பண்ணாங்க?”

அக்கா அதோடு விடவில்லை. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடமே போனாள். துணைக்கு நான். செடிகளில் இருக்கும் சில பொருட்கள் சர்க்கரையைக் குறைக்குமா என்று ஆராய்ச்சி நடப்பது உண்மைதான் என்றார் டாக்டர். ஆனால் கர்ப்பிணிகள் எவ்வளவு சாப்பிடலாம், குழந்தையைப் பாதிக்குமா என்பதெல்லாம் இன்னும் தெளிவாகவில்லையாம். வீடு திரும்பியதும் அக்கா பாட்டிலின் கழுத்தில் மஞ்சள் டேக்கைக் கட்டினாள்.

“உங்க பொடிய ரிஜெக்ட் பண்ணல அத்த. ஹோல்டுல வச்சிகீறேன். ரிப்போர்ட் வரட்டும்.”

மருமகள் கையில் தன் பொடி ரிஜெக்ட் ஆகவில்லை என்று மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கப்புறம் கஷாயத்தோடு வந்தவர்களை அவரே வாசலில் மறித்தார். “எங்க பொடியே டெஸ்ட்டுல கீது. உன்னுது இன்னாத்துக்கு? எட்த்துக்கினு போ.”

அக்கா கேன்டீனில் எல்லார் நடுவிலும் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்வாள். “ரூமுக்குப் போய்ப் போட்டுக்கக் கூடாதாம்மா?” என்று நெளிந்தார் சூப்பர்வைசர்.

“நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கக் கூடாதா சார்?”

பிரசவம் முடிந்து வார்டுக்கு வந்தவள், பிள்ளை யார் ஜாடை என்றெல்லாம் கேட்கவில்லை. “கொழந்தைக்கு சுகர் எவ்ளோ?” என்றுதான் கேட்டாள். நர்ஸ் அந்தக் குட்டிக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, நார்மல் என்றார்.

யாருக்கும் பணியாத அக்கா, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை மாதமும் பயந்துகொண்டேதான் சண்டை போட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்துதான் ‘ரிஜெக்ட் அக்கா’ என்பதை விட்டு, அவளை ‘எங்க அக்கா’ என்று சொல்ல ஆரம்பித்தேன்.