சிலந்தி கடித்த இடம்

“எங்கன கடிச்சிருக்குன்னு சொன்னாத்தான மருந்து போட முடியும்?” மூன்றாவது முறையாகக் கேட்டாள் மனைவி ஸ்ரீமதி.

ஜெயச்சந்திரன் சுவரைப் பார்த்தபடி நின்றார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடமாகப் போர்மேன். அவர் ஒரு அதட்டு அதட்டினால் நூறு பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவர், உட்காரும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினார். கொடியில் கிடந்த கைலியை உதறாமல் கட்டியதில் வந்த வினை.

“சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வைங்கப்பா. வீக்கம் கூடுனா ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றாள் மகள் பிரீத்திகா. சிவகாசியில் வங்கி வேலை பார்க்கிறவள்.

“ஆஸ்பத்திரியா? அங்கன நர்சுங்க பூராம் நம்ம ஊர்ப் பிள்ளைக. அதுக கிட்ட இதைக் காட்டவா?”

ஸ்ரீமதி வெற்றிலைச் சுண்ணாம்பை அள்ளி அப்பினாள். விஷத்தை இழுத்துவிடுமாம். அது இழுத்தது தோலைத்தான். கடுகளவு தடிப்பு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

பதறிப்போய் பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமியிடம் தீப்புண் களிம்பு கேட்டாள். வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். “யாருக்கு?” என்றதும், “அவுகளுக்குத்தான். வெளிய சொல்லிராதீக” என்று உளறிவிட்டு வந்தாள்.

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறவருக்குத் தீப்புண், அதையும் வெளியே சொல்லக் கூடாது என்றால் அர்த்தம் ஒன்றுதான். வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வெடி சுற்றுகிறார்கள்.

பாண்டிலட்சுமி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். “அண்ணே, ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுவீக. நீங்களே இப்பிடிச் செய்யலாமா? எங்க வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்குல்ல?”

“ஆத்தா, சத்தியமா சிலந்தி கடிச்சது!”

“அப்ப காட்டுங்க பாப்போம்.”

காட்டுகிற இடமா அது? காது மடல் சிவக்க உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தியதும் தெருவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் முன்னெச்சரிக்கையாகக் கேஸ் சிலிண்டரைத் தெருமுனைக்கு உருட்டிக்கொண்டு போனார்.

அரை மணி நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. பட்டாசுக் கம்பெனிகளைச் சோதனை போடும் தாசில்தார் இறங்கினார். கூடவே ஒரு அம்மாள். பெண்கள் இருக்கும் வீடு, அதனால் பெண் அதிகாரியையும் கூட்டி வந்திருக்கிறார் என்று ஜெயச்சந்திரன் புரிந்துகொண்டார். போர்மேன் சர்டிபிகேட்டைப் பிடுங்கிவிடுவார்கள். இருபது வருடம் சம்பாதித்த பெயர் தெருவோடு போகும். அவருக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

“வணக்கம். நாங்க எதுக்கு வந்திருக்கோம்னா...”

“தெரியும் சார். நல்லாத் தேடிப் பாருங்க சார்!” பீரோவைத் திறந்தார். அரிசி டப்பாவைக் கவிழ்த்தார். கட்டில் மெத்தையையும் புரட்டிப் போட்டார்.

“அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க? உங்களைப் பத்தி நல்லா விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கோம்” என்றாள் அந்த அம்மாள்.

“அப்பா, இவுக வந்து...” என்று பிரீத்திகா குறுக்கே வந்தாள்.

“நீ சும்மா இரு தாயி. தெருவுல விசாரிச்சா என்ன சொல்லியிருப்பாகன்னு எனக்குத் தெரியாதா?”

மானம் ஒரு நிமிடம் போனால் போகட்டும், பெயர் மிஞ்சினால் போதும். கண்ணை இறுக மூடிக்கொண்டார். திரும்பி நின்று கைலியை வேண்டிய அளவுக்கு இறக்கினார்.

“நல்லாப் பாத்துக்கோங்க சார்! இது வெடி இல்ல, சுண்ணாம்பு!”

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மாள் சுவரில் தொங்கிய காலண்டரில் முகூர்த்த நாட்களைப் படிக்கத் தொடங்கினாள். பிரீத்திகா முகத்தைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள்.

ஜீப் டிரைவர் முனியசாமி வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

“சார், பொண்ணு வீட்டுக்குன்னு வாங்குன பூவும் பழமும் ஜீப்லயே இருக்கு. எடுத்துட்டு வரவா, வேண்டாமா?”