நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியும் ஒரு காலிச் சப்பரமும்

சேசு மரி சூசை துணை

சிறுமலை அடிவாரம்,
திண்டுக்கல்.

பாசத்தில் பஞ்சமே இல்லாதவரும், வாட்ஸப்பில் மட்டும் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருப்பவருமான அருமைத் தாய்மாமா ஸ்டீபன்ராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் சகாயசெல்வியின் ஒரே மகள் ரூபி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, அம்மா, மல்லிகைத் தோட்டம் எல்லாரும் சுகம். கத்தாரில் உங்கள் சுகம் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் நீடிக்க அந்தோணியாரை மன்றாடுகிறேன்.

உங்கள் புல்லட்டில் 'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டிப் படம் எடுத்து அனுப்பியது விளையாட்டுக்குத்தான் மாமா. அதற்குப் போய் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த அக்காள் மகளை பிளாக் செய்வார்களா? அம்மா போனிலிருந்து பேசலாமென்றால் அம்மா பக்கத்திலேயே நின்று கேட்பார். அதனால்தான், லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் உங்கள் அறைத்தோழர் சாகுல் ஹமீது மாமாவிடம் அம்மா கொடுத்துவிடும் முறுக்குப் பொட்டலத்துக்குள் இதை ஒளித்து அனுப்புகிறேன். முறுக்கை முதலில் வாயில் போட்டுக்கொண்டு படியுங்கள். வாய் நிறைய முறுக்கு இருந்தால் திட்ட முடியாது.

விஷயம் அந்த ஏடிவி, மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் நாலு சக்கர பைக். பாலைவன மணலில் ஓட்டிய ருசியில், ஊருக்கு வந்தால் நம் காட்டிலும் மலையடியிலும் ஜாலியாகச் சுற்ற ஒன்று வாங்கப்போகிறேன், நல்ல சக்தியுள்ளதாக, நாலு சக்கரமும் இழுப்பதாகப் பார்த்து நீயே தேர்ந்தெடு, ஆனால் அக்கா சரியென்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் நான் ஊரில் இல்லாத மாதமெல்லாம் சாவி உன்னிடம்தான் என்று சொன்னீர்களே, அன்றைக்கே அந்தச் சாவியை மனத்துக்குள் ஆணியடித்து மாட்டிவிட்டேன். அதைக் கழற்றிவிடாமல் காப்பாற்றத்தான் இத்தனை பாடு.

தேர்ந்தெடுப்பது லேசு என்று நினைத்தேன். முதலில் சிசி. இருநூற்றைம்பது சிசியா, ஐந்நூறு சிசியா, எண்ணூறு சிசியா என்று போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "சீச்சீ, வயசுப்பிள்ளைக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றார். அப்புறம் இந்த இழுப்புச் சமாச்சாரம். சும்மா ஓட்டினால் பின்சக்கரம் இரண்டும் மட்டும் இழுக்குமாம், ஒரு பொத்தானை அமுக்கினால் முன்சக்கரமும் சேர்ந்துகொள்ளுமாம், இன்னொன்றை அமுக்கினால் எல்லாமே பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றுமாம். பூட்டினால் நிற்கத்தானே வேண்டும், எப்படி ஓடும் என்று யோசித்து யோசித்து எனக்கே பூட்டிக்கொண்டது. முன்னால் கம்பிவடம் சுற்றிய உருளை ஒன்று, வின்ச் என்று பெயர், சகதியில் மாட்டினால் மரத்தில் கொக்கியைப் போட்டுவிட்டு வண்டி தன்னைத்தானே இழுத்துக் கரையேற்றிக்கொள்ளுமாம். அந்த வித்தை தெரிந்திருந்தால் நான் பிளஸ் டூ கணக்கில் எப்போதோ கரையேறியிருப்பேன்.

பக்கத்துத் தென்னந்தோப்பு பெருமாள்சாமி சித்தப்பாவிடம் விளக்கிப் பார்த்தேன். "ஏத்தா, நாலு சக்கரமும் ஓடும் ஓடும்ங்கிறியே, ஊர்ல எந்த வண்டியில ரெண்டு ஓடி ரெண்டு ஒக்காந்திருக்கு?" என்று கேட்டார். ஓடுவது வேறு, இழுப்பது வேறு என்றேன். "சரி, மானியம் உண்டா?" என்றார். நம் ஊரில் எந்த வாகனத்தைப் பற்றிப் பேசினாலும் இரண்டாவது கேள்வி அதுதானே.

அம்மாவிடம் சம்மதம் கேட்டால் "உங்க அப்பாவக் கேளு" என்றார், அப்பாவைக் கேட்டால் "உங்க அம்மாவக் கேளு" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஷட்டில்காக். ஜாலிக்கு ஒரு வண்டி என்றால் நம் வீட்டில் விளக்குமாறுதான் நாலு பக்கமும் இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே கொஞ்சம் கற்பனை செய்தேன் மாமா, பொய் என்று சொல்லாதீர்கள். அம்மாவிடம், விடியற்காலையில் மல்லிகைப்பூ மூட்டையை ஓடை மணலைத் தாண்டி ரோட்டுக்குக் கொண்டுபோகத்தான் இந்த வண்டி என்றேன். தினமும் ஓடையில் டி.வி.எஸ். ஃபிப்டியை இறங்கித் தள்ளுகிறவர் இல்லையா, உடனே காது நிமிர்ந்தது. பெருமாள்சாமி சித்தப்பாவிடம், உங்கள் தேங்காய்க்குத்தான் மாமா வாங்குகிறார் என்றேன். கோயிலில் உபதேசியார் சூசை தாத்தாவிடம், திருவிழாவுக்குச் சப்பரம் இழுக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பினீர்களே, மாமா வண்டியே அனுப்புகிறார் என்றேன். மூன்று பேரும் சேர்ந்து சொன்னால் அம்மா தட்டமாட்டார் என்பது என் கணக்கு. கணக்கில்தான் நான் வீக் என்பதை மறந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை, மதுரை ரோட்டில் கடை வைத்திருக்கும் பழனிக்குமார் அண்ணன் மினி லாரியில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து நம் காட்டில் இறக்கினார். இறக்கின நிமிடத்தில் பார்க்கிறேன், அம்மா பூ மூட்டையோடு நிற்கிறார், பெருமாள்சாமி சித்தப்பா தேங்காய்ச் சாக்கோடு வருகிறார், உபதேசியார் அந்தோணியாரைக் கோயிலிலேயே விட்டுவிட்டுக் காலிச் சப்பரத்தை மட்டும் தள்ளிக்கொண்டு வருகிறார், சீரியல் லைட்டும் காகிதப்பூவுமாக. நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்தில் சுமையோடு எப்படி வந்தார்கள் என்று இந்த நிமிடம்வரை எனக்குப் புரியவில்லை.

பழனிக்குமார் அண்ணன் பாவம், "இது ரோட்ல ஓட்டுற வண்டி இல்லைங்க, நம்பர் பிளேட்டு கிடையாதுங்க, சொந்தக் காட்டுக்குள்ள ஜாலியா ஓட்டலாங்க" என்று ஒட்டன்சத்திரத்து மரியாதையோடு ஆரம்பித்தார். "ரோட்டுல ஓடாதுன்னா அதுக்கு எதுக்குய்யா வண்டின்னு பேரு?" என்றார் பெருமாள்சாமி சித்தப்பா. அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "தம்பி, இதுல சாரி கார்டு எங்க இருக்கு?" என்றார். இல்லைங்க என்றார். "அப்ப ஒரு பக்கமா உக்காந்தா பிடிக்கிறதுக்கு கம்பி?" அதுவும் இல்லைங்க என்றார். "என்னத்த கம்பெனிக்காரன், வீட்ல பொம்பளையாளே கிடையாதா அவனுக்கு?"

சின்ன வண்டி முதலில் ஓடையில் இறங்கியது. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. பின்சக்கரம் மணலைத் தோண்டித் தோண்டி, குளத்தில் எருமை உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. பெரிய வண்டி இறங்கி, பொத்தானை அமுக்கி, நாலு சக்கரத்தையும் சேர்த்து, வின்ச்சில் அதை மாட்டி இழுத்துக் கரையில் போட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். நம் ஊரில் கை தட்டினால் அடுத்து வேலை வைப்பார்கள். கேரியரில் அம்மாவின் பூ மூட்டை ஏறியது, முன்னால் தேங்காய்ச் சாக்கு ஏறியது, பின்கொக்கியில் சப்பரக் கயிற்றை உபதேசியார் முடிச்சுப் போட்டார். பெருமாள்சாமி சித்தப்பா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். வாங்கவே இல்லையே, இது டெஸ்ட் டிரைவ்தானே என்றேன். "சாமி கணக்குல டெஸ்ட் டிரைவ்னு ஒண்ணு கிடையாதுத்தா" என்றார்.

நான் ஏறப்போனேன். அம்மா, "நீ எறங்கு, பூவு என்னோடது" என்று சேலையைச் சொருகிக்கொண்டு ஏறிவிட்டார். கொண்டையில் வைத்த மல்லிகையால் ஹெல்மெட் பாதிதான் இறங்கியது. இங்கேதான் மாமா வினை. நம் ஃபிப்டிக்குக் கைப்பிடியைத் திருகினால் ஆக்ஸிலேட்டர். இந்த வண்டிக்குக் கட்டைவிரலால் அமுக்குகிற பித்தான். அம்மா பழக்கத்தில் திருகு திருகு என்று திருகுகிறார், வண்டி அசையவில்லை. "என்ன தம்பி, சீக்குப் பிடிச்ச வண்டியா?" என்று கேட்டுக்கொண்டே இறுக்கிப் பிடித்தாரா, விரல் பித்தானில் பட்டது. வண்டி பாய்ந்தது. பயத்தில் அம்மா இன்னும் இறுக்கிப் பிடித்தார். இறுக்க இறுக்க அது பாய்ந்தது, பாயப் பாய அவர் இறுக்கினார். பழனிக்குமார் அண்ணன் "வெரல எடுங்க, வெரல எடுங்க" என்று கத்த, அம்மா இடது கையை எடுத்துக் காட்டினார்.

பின்னால் சப்பரம் குடைசாயப் பார்த்தது. அதைப் பிடிக்க ஓடிய உபதேசியார், பிடிக்க முடியாமல் அதிலேயே ஏறிவிட்டார். ஓடையைக் கடந்து, தென்னந்தோப்புக்குள் புகுந்து, தேங்காயை வழி நெடுக விதைத்துக்கொண்டு, கோயில் பின்பக்க மண்பாதையில் வண்டி ஏறியபோது, அந்தோணியார் நிற்கவேண்டிய இடத்தில் வெள்ளை வேட்டியோடு சூசை தாத்தா இரண்டு கையையும் தூக்கி, "நிறுத்தும்மா, நிறுத்தும்மா" என்று கூவிக்கொண்டு போகிறார். சத்தம் கேட்டு வந்த பெண்கள் அலங்காரச் சப்பரத்தைத்தான் பார்த்தார்கள். சப்பரம் தெருவுக்கு வந்தால் உப்பு மிளகு போடவேண்டும் அல்லவா? "ஆத்தாடி, திருவிழாவ முன்னாடியே வச்சிட்டாக, யாரும் சொல்லவே இல்லையே" என்று அடுப்படிக்கு ஓடி, கைக்குக் கிடைத்த உப்பையும் மிளகையும் அள்ளிக்கொண்டு வந்து தாத்தா மேல் வீசினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தும்மத் தும்ம, என்ன பக்தி என்று இரண்டு பேர் முழங்காலில் நின்றார்கள். வண்டி கோயில் மைதானத்தை முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து தானாக நின்றது. அம்மா இறங்கவில்லை. ஹெல்மெட்டில் மிளகு, மடியில் காகிதப்பூ, கைப்பிடியை இன்னும் விடவில்லை. பாவம், பயந்துபோய்விட்டார்.

இதற்கு அப்புறம் யாருக்கும் வண்டி வேண்டாம் என்றிருக்கும், தப்பித்தோம் என்று நினைத்தேன். அதுதான் எனக்குப் புரியாத பகுதி. உபதேசியார் உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, "என்னா இழுவை! ஆளே வேணாம் போலயே" என்கிறார். பெருமாள்சாமி சித்தப்பா, "இம்புட்டு தேங்கா விழுந்தும் ஒண்ணுகூட ஒடையல, குலுங்காத வண்டி" என்கிறார். விடியற்காலை பூவுக்கு, அதற்குப் பிறகு தேங்காய்க்கு, சாயங்காலம் சப்பர ஒத்திகைக்கு என்று அங்கேயே நின்று முறை பிரித்துக்கொண்டார்கள். நமக்கு மிஞ்சியது வண்டியைக் கழுவுகிற முறை. ஜாலிக்கென்று தேர்ந்தெடுத்த வண்டியில் ஜாலிக்கு மட்டும் இடமில்லை மாமா.

ஆகவே, ஆராய்ந்து, குழம்பி, மறுபடி ஆராய்ந்து நான் எடுத்த முடிவு: பெரிய வண்டி வேண்டவே வேண்டாம். சின்னதை வாங்குங்கள். அது எதையும் இழுக்காது, எதையும் சுமக்காது, ஓடையில் இறங்கினால் உட்கார்ந்துகொள்ளும், ஒருத்தரும் இரவல் கேட்கமாட்டார்கள். நாமே இறங்கித் தள்ளி ஜாலியாக இருக்கலாம். சாவி நம்மிடமே இருக்கும். அம்மாவைப் பற்றிக் கவலை இல்லை, இனி அந்தப் பக்கமே வரமாட்டார். அன்றிலிருந்து சாப்பிடும்போதுகூட வலது கட்டைவிரலை மடக்கி மடக்கி அமுக்கிக்கொண்டிருக்கிறார். நரம்பு பிசகியிருக்கும்போல, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். வரும்போது நல்ல தைலமாக ஒன்று வாங்கிவாருங்கள்.

சாகுல் ஹமீது மாமாவுக்கு என் சலாம். அறையில் உள்ள அத்தனை பேருக்கும் என் அன்பு, முறுக்கைப் பங்கு கேட்காதவர்களுக்குக் கூடுதல் அன்பு. அந்தோணியார் காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தருவாராம், உங்கள் பிளாக் லிஸ்டிலிருந்து என்னையும் கண்டெடுத்துத் தரட்டும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள (சாவி வரும்வரை) மருமகள்,
ரூபி

பின்குறிப்பு: தம்பி ஸ்டீபனுக்கு அக்கா எழுதுவது. முறுக்குப் பொட்டலத்தைக் கட்டப்போனபோது இந்தக் காகிதம் கையில் அகப்பட்டது. அன்றைக்கு எல்லாரையும் சுமையோடு வரச்சொல்லி ஆளனுப்பியது நான்தான். சப்பரத்துக்கு வண்டி வருகிறதாமே என்று சூசை தாத்தா பூசை முடிந்த கையோடு என்னிடம் வந்து நன்றி சொன்னார். பெருமாள்சாமியை விசாரித்தால், வண்டி தேங்காய்க்காம். சரி, கதை விட்டவள் நாலு பேர் நடுவில் நின்று முழிக்கட்டும் என்று விட்டேன். எனக்கு நரம்பெல்லாம் பிசகவில்லை, தைலம் வேண்டாம். சும்மா விரலைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நீ பெரிய வண்டியையே வாங்கு. சாவியை நினைத்து யாரும் சண்டைபோட வேண்டாம், என் செபமாலையோடு கோத்துக்கொள்கிறேன். ரூபிக்குப் பின்சீட்டு உண்டு, பூ மூட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். நீ லீவில் வந்தால் அக்கா உன்னையும் ஒரு சுற்று ஏற்றிப்போகிறேன். ஒன்று மட்டும் அத்தானிடம் சொல்லிவிடாதே. ஓடை வரைக்கும்தான் தெரியாமல் அமுக்கினேன். அதற்கு அப்புறம் தெரிந்துதான் அமுக்கினேன்.