நடுவில் மட்டும் ஒரு பாலம்

பேரன்பிற்குரிய தம்பிக்கு, உன் மூத்த சகோதரி எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். உன் அத்தான் இடது முழங்காலுக்கு மேலே நலம். நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நலமாகவே இருப்பீர்கள்; நிதித் துறையில் உயர்ந்த நாற்காலியில் இருப்பவர்கள் நலமாக இல்லாவிட்டால் இந்த மாநிலத்தில் வேறு யார்தான் நலமாக இருக்கப் போகிறார்கள்! போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும்.

எங்கள் தெரு முடியும் இடத்தில் கால்வாயின் மேல் ஒரு பழைய பாலம் இருப்பது உனக்குத் தெரியும். அதைத் தாண்டினால்தான் கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் எல்லாம். அதன் நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தது. நான் நடத்தும் நம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு அது ஒருவகையில் பாடமாகவும் இருந்தது. ஓட்டைக்கு இடது பக்கம் ஒதுங்கிப் போகத் தெரிந்தவர்களுக்கு ஸ்டீரிங் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு அது வாஷ்பேசின் அளவுக்கு வளர்ந்தது. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த தையல்காரி பயந்து நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட, உன் அத்தான் இறங்கி முன்னால் நின்று, "வாங்க, வாங்க, என்னைப் பார்த்தே வாங்க, பயப்படாதீங்க" என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். அந்தம்மா கொஞ்சமும் பயப்படாமல் அவரையே பார்த்து வந்தார். இவர்தான் பின்னால் பார்க்கவில்லை. இடது கால் முழுசாக உள்ளே போய், இவர் பாலத்தின் மேலே உட்கார்ந்திருக்க, கீழே படகில் போனவன் செருப்பைப் பிடித்துக்கொண்டு "யாருது இது?" என்று கத்தினானாம். எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போய், இன்னும் சரியாகச் சேராமல், இப்போது மூன்றாவது மாவுக்கட்டோடு கூடத்தில் உட்கார்ந்து எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறார். அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்பது உனக்குத் தெரியும்.

மறுநாளே பொதுப்பணி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் பொறியாளர் நல்ல மனுஷன்தான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்த்துக்கொண்டே இருப்பார். "ஓட்டையை அடைக்கணும்" என்றேன்.

"அடைக்கிறது பராமரிப்புச் செலவும்மா. அதுக்குப் பணமே கிடையாது. சம்பளம், பென்ஷன், பழைய கடனுக்கு வட்டி, எல்லாம் போக மிச்சம் இருந்தாத்தானே?"

"ஒரு மூட்டை சிமெண்டுக்குக்கூடவா இல்லை?"

"ஒரு மூட்டைக்கு இல்லைம்மா. பத்தாயிரம் மூட்டைன்னா இருக்கு." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புதுப் பாலம் கேளுங்க. அது மூலதனச் செலவு. அதுக்குக் கடன் கிடைக்கும். அரசாங்கம் கடன் பத்திரம் போடும், வளர்ச்சி வங்கிக்காரங்க கோட்டு போட்டுக்கிட்டு வருவாங்க, ஜாம்ஜாம்னு நடக்கும்."

நான் வீட்டுக்கு வந்து உனக்கு போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ என்ன சொன்னாய்? "வீடு கட்டக் கடன் வாங்கலாம்க்கா, அரிசி வாங்கக் கடன் வாங்கக்கூடாது. அரசாங்கமும் அப்படித்தான்" என்றாய். நானும் தம்பி பெரிய படிப்புப் படித்தவனாயிற்றே என்று தலையாட்டிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. குழாய் ஒழுகுது, வாஷர் வாங்கக் காசில்லை, அதனால் பக்கத்து மனையில் கடன் வாங்கி இன்னொரு வீடு கட்டு, அந்த வீட்டில் குழாய் புதுசாக இருக்கும் என்று எவனாவது சொன்னால் அவனை நம் அப்பா வாசல்படி ஏற விட்டிருப்பாரா? நீங்கள் எல்லாரும் சேர்ந்து அதைத்தான் பட்ஜெட் புத்தகமாக அச்சடித்து, பெட்டியில் வைத்து, போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த வீட்டுக் குழாயும் ஒருநாள் ஒழுகும் என்று உங்கள் கட்டடத்தில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையா, இல்லை தோன்றினால் வேலை போய்விடுமா?

எப்படியோ பழசுக்குப் பக்கத்திலேயே புதுப் பாலம் என்று முடிவாகி, வங்கிக்காரர்கள் வந்தார்கள். ஓட்டையைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு மரியாதையாக ஒரு ஓட்டையைப் பார்த்த கூட்டத்தை நான் கண்டதில்லை. கடைசியில் ஒருத்தர், "முக்கால் பங்கு நாங்க தர்றோம், கால் பங்கு உங்க அரசாங்கம் போடணும்" என்று சொன்னாராம். அரசாங்கத்திடம் ரொக்கம் ஏது? அதனால் தன் பங்காக நிலம் கொடுத்தது. எந்த நிலம்? நம் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் திடல்! இத்தனை வருஷமாக நான் வாடகை கட்டி, நாலு கம்பு நட்டு, ரிவர்ஸ் எடுக்கவும் வளைக்கவும் சொல்லிக்கொடுத்த இடம். ஒரு காலையில் போனால் கம்பெல்லாம் பிடுங்கிப் போட்டு, முள்வேலி கட்டி, "மாநில அரசின் பங்களிப்பு" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அட, என் திடலை எடுத்துக் கொடுத்துவிட்டு பங்களிப்பாம்! கல்யாணத்துக்குப் போய் அடுத்தவன் கொண்டுவந்த பாத்திரத்தில் தன் பேரை எழுதி மொய் வைக்கிற ஆளைப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்துவிட்டேன்.

திடல் போனதும் பள்ளியில் ஆள் குறைந்தது. நடுரோட்டில் பழகப் பயந்து பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். காருக்கு மாதத் தவணை கட்ட வளையலை அடகு வைத்தேன். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அத்தான் சொன்னார். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

சரி, பாலமாவது வருதேன்னு பார்த்தா, முதல்ல வந்தது சுங்கச்சாவடி. கடனைத் திருப்பணுமாம், வருமானத்துக்கு வழி காட்டணுமாம், அதனால பாலத்துக்கு முன்னாடியே டோல்கேட். அது ஒரு தனியார் கம்பெனியோட கூட்டு. கம்பெனிக்காரன் சொன்ன தேதிக்குக் கட்டி முடிச்சுட்டான். கண்ணாடிக் கூண்டு, மேலேயும் கீழேயும் போற கட்டை, உள்ளே யூனிபாரம் போட்ட ஒரு பொண்ணு. பாலம் மட்டும் இல்லை. அந்தப் பொண்ணு பாவம், நாள் முழுக்க கால்வாயைப் பார்த்துக்கிட்டு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருந்தது. அடுத்து நிதியாண்டு முடியப்போகுதுன்னு ஒரே பரபரப்பு. ஒதுக்கின பணத்தைச் செலவு பண்ணலைன்னா திரும்பிப் போயிடுமாமே? எங்க திரும்பிப் போகும், உன் மேஜைக்குத்தானே? நீ என்ன கடிச்சா தின்னுடுவே? அந்தப் பயத்துல கையில கிடைச்சதையெல்லாம் வாங்கினாங்க. விளக்குக் கம்பம் வந்து இறங்குச்சு. பாலம் வரப்போற வழியில வரிசையா நட்டு, விளக்கும் போட்டுட்டாங்க. ரெண்டு கரையிலும் ஜகஜ்ஜோதி, நடுவுல தண்ணி. மீனுக்கெல்லாம் தூக்கம் கெட்டுப் போச்சுன்னு படகுக்காரன் திட்டறான்.

அடுத்த வருஷத்துப் பணத்துல பாலத்தோட நடுவைக் கட்டினாங்க. நடுவை மட்டும். ஏன்னு கேட்டா, பாலம் ஒரு திட்டமாம், பாலத்துக்கு ஏறுற சாலை வேற திட்டமாம், வேற நிதியாம். கால்வாய்க்கு நடுவுல நாலு தூணு, அதுக்கு மேலே ரோடு, ரெண்டு முனையும் அந்தரத்துல. "இதுல எப்படி சார் ஏறுறது?"ன்னு மருந்துக்கடைக்காரர் பொறியாளரைக் கேட்டார். "ஏறுறது அடுத்த கட்டம்"ங்கிறார் அந்த மனுஷன், சிரிக்காம! காக்காய்க்கு மட்டும்தான் அந்தப் பாலம் உபயோகம். அதுங்க கால்வாயை எப்படித் தாண்டுறதுன்னு இத்தனை நாளா தவிச்சுக்கிட்டு இருந்தது பாரு.

அதுவரைக்கும் பொறுத்தேன். ஒரு நாள் பள்ளிக்கூட ரிக்‌ஷா ஒண்ணு அந்தப் பழைய ஓட்டையில சக்கரம் மாட்டிச் சாய்ஞ்சுது. குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகலை, ஆனா அதுங்க அலறினது இன்னும் காதுல இருக்கு. நேரா மருந்துக்கடைக்காரர்கிட்ட போனேன், பக்கத்து வீட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். கம்பி, ஜல்லி, சிமெண்ட், ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். தையல்காரி வீட்டிலேர்ந்து எல்லாருக்கும் டீ. மத்தியானத்துக்குள்ள ஓட்டை போன இடம் தெரியலை. வருஷக்கணக்கா மாநிலத்தோட பொருளாதாரமே தாங்காதுன்னு சொன்ன வேலைடா அது!

சிமெண்ட் காயறதுக்குள்ள பொறியாளர் ஓடி வந்தார். பார்த்ததும் அப்படியே தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! அடுத்த வாரம் வங்கி அதிகாரி பார்வையிட வர்றாங்க. பழைய பாலம் இடிஞ்சு போற நிலைமைன்னு காட்டித்தானே கடனே வாங்கினோம்? ஓட்டை இல்லைன்னா ரெண்டாவது தவணையை நிறுத்திடுவாங்க. கொஞ்சம் திறந்து விட்டுடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"திறக்க மாட்டேன். வேணும்னா என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறேன், அவரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்."

கோபத்துல சொன்னேன். அந்த மனுஷன் நிஜமாவே உன் அத்தானைப் பாலத்துல நாற்காலி போட்டு உட்கார வெச்சுட்டார், மாவுக்கட்டோட! இவரும் வேட்டியை மடிச்சு, கட்டு நல்லாத் தெரியறாப்பல காலை நீட்டிக்கிட்டார். தெருவுல அதுக்குள்ள ரெண்டு கட்சி. ஓட்டையைத் திறந்துவிடு, இல்லைன்னா அந்தரத்துல நிக்கிற பாலம் நம்ம காலத்துல தரைக்கு வராதுன்னு ஒரு கூட்டம். ரிக்‌ஷா சாய்ஞ்சதை மறந்துட்டீங்களான்னு நாங்க. கொத்தனார் கடப்பாரையோட நின்னு யார் பக்கம் அதிக ஆள்னு பார்த்துக்கிட்டிருந்தார். நான் போய் அந்தச் சிமெண்ட் மேலேயே நின்னுட்டேன். இடிக்கிறவங்க என் காலோட சேர்த்து இடிங்கன்னேன்.

வங்கி அதிகாரி ஒரு பொம்பளை. வந்து, ஒட்டுப் போட்ட இடத்துல செருப்பால ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தாங்க. "யார் செஞ்சது?"ன்னு கேட்டாங்க. பொறியாளர் முகம் வெளுத்துப் போச்சு. "நான்தான்"னேன். "என்ன செலவு?" சொன்னேன். அந்தம்மா கூட வந்தவங்களைத் திரும்பிப் பார்த்தாங்க, அவங்க எல்லாரும் தண்ணியைப் பார்த்தாங்க. எனக்கு அப்போ ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைஞ்சு போச்சுடா. யாரோ ஒருத்தருக்காவது உறைச்சுதேன்னு நினைச்சேன்.

என்ன நடந்துச்சு தெரியுமா? "மக்கள் பங்கேற்புக்கு இது அருமையான உதாரணம்"னு அறிக்கை எழுதி, ரெண்டாவது தவணையை விடுவிச்சு, கூடவே ஓட்டையை அடைப்பது எப்படின்னு ஆராய ஒரு ஆலோசனை நிறுவனத்தை வெச்சுக்க இன்னொரு கடனும் கொடுத்துட்டுப் போயிட்டாங்க! அந்த நிறுவனத்துலேர்ந்து ஆறு பேர் வந்து கொத்தனாரைப் பேட்டி எடுத்தாங்க. "சிமெண்டைக் கரைச்சு ஊத்தினேன்"னு அவர் சொன்னதை ஆறு பேரும் பதிவு பண்ணிக்கிட்டாங்க. ஒரு ஓட்டைக்கு இவ்வளவு கடனான்னு நான் மலைச்சுப் போய் நிக்கிறேன். இதையெல்லாம் கட்டப்போறது யாரு? உன் பேரனும் என் பேத்தியும். அதுங்க பிறக்கவே இல்லை, அதுக்குள்ள அதுங்க தலையில ஒரு பாலத்தோட நடு!

இப்போதைய நிலவரம்: ரெண்டாவது தவணையில் எங்கள் கரைப் பக்கம் ஏறும் சாலையைப் போட்டு முடித்துவிட்டார்கள். அக்கரைப் பக்கத்துக்குப் பணம் தீர்ந்துவிட்டதாம். ஏறலாம், இறங்க முடியாது. ஆகவே, தம்பி, உன் தமக்கை என்ற உரிமையில் ஆணையிடுகிறேன். இந்த பட்ஜெட்டிலேயே அக்கரைச் சாலைக்கு நிதி ஒதுக்கி, உன் கையாலேயே கையெழுத்துப் போட்டு, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லி மைக்கில் பேசுவேன். நீ சின்ன வயதில் படுக்கையை நனைத்த கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நீண்ட ஆயுளோடும், முடிந்தால் கடனில்லாமலும் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மீது இன்னும் பாசம் மிச்சமிருக்கும்
அக்கா

பி.கு.: மேலே உள்ளதை எழுதிவிட்டு தபாலில் போட மறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இதற்கிடையில் தையல்காரியை ஒருநாள் புதுப் பாலத்தில் ஏற்றிப் பார்த்தேன். தம்பி, என்ன சொல்வேன்! ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழகலாம், உச்சியில் வளைக்கலாம், ரிவர்ஸில் இறங்கலாம். எதிரே ஒரு வண்டி வராது, ஒரு மாடு வராது, சாயங்காலமும் பழக வசதியாக விளக்கு வேறு. கட்டையைப் பார்த்து பிரேக் போடப் பழக அந்த டோல்கேட் பெண் காசு வாங்காமல் தூக்கி இறக்கித் தருகிறாள். பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்தெல்லாம் நம்மிடம் வந்து சேர்கிறார்கள், இரண்டாவது காருக்குச் சொல்லிவிட்டேன், வளையலும் திரும்பிவிட்டது. அக்கரையை இணைத்தால் போக்குவரத்து வந்து எல்லாம் பாழாகிவிடும். ஆகவே நிதி நிலைமை சரியில்லை என்று எதையாவது எழுதி, ஒரு ஐந்தாறு வருஷத்துக்கு அந்தப் பக்கத்தைத் தொடாமல் பார்த்துக்கொள். உனக்கு அதெல்லாம் சொல்லியா தர வேண்டும்.