காத்தாயி அக்காவுக்கு ஒரு பெட்ரோல் பம்ப்

பெரம்பலூர்,
1979 மார்கழி, வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை தர்மனுக்கு, உன் அக்காள் புருஷன் பிச்சைமுத்து அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உன் அக்காள் அமிர்தவல்லி, கல்யாணப் பெண் மலர்க்கொடி, பசு, கன்று யாவரும் ஆண்டவன் புண்ணியத்தில் சேமம். கார் மட்டும் சேமமில்லை. அவ்விடம் உன் சேமத்தையும் சம்சாரம், குழந்தைகள் சேமத்தையும் அறிய ஆவல்தான். ஆனால் அதையெல்லாம் சாவகாசமாக அப்புறம் எழுது. முதலில் இதைப் படித்த கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு புதுப்பேட்டைக்குக் கிளம்பு. மெட்ராஸில் பழைய கார்களைப் பிரித்து விற்கிற கடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கிறதாமே. உட்கார்ந்து படிக்காதே, நின்றுகொண்டே படி. நானும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். என்னால் உட்கார முடியவில்லை.

உனக்கு வேண்டியது ஒரு பெட்ரோல் பம்ப். பெட்ரோல் போடுகிற பங்க் இல்லை, அதைப் போய் விலைக்குக் கேட்டுவிடாதே. இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் டாங்கிலிருக்கிற பெட்ரோலை உறிஞ்சி முன்னால் கார்புரேட்டருக்கு அனுப்புகிற சாமான். கூடவே கார்புரேட்டருக்குள் மிதக்கிற பித்தளை மிதவை ஒன்று, அதன் ஊசி ஒன்று, முடிந்தால் முழுக் கார்புரேட்டரே ஒன்று. வண்டி ஆஸ்டின். வெள்ளைக்காரன் ஓட்டி, பிறகு அரியலூர் டாக்டர் ஒருவர் ஓட்டி, அவர் காலத்துக்குப் பிறகு அவர் வீட்டுக் கோழிகள் அடைந்து கிடந்த கார். வேறு மாடல் சாமானைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஏமாந்துவிடாதே. பம்பைத் தாளில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதன் நடுவில் தெரிகிற மஞ்சள் வட்டம் பம்பில் உள்ளதல்ல. உன் அக்காள் சாம்பார்க் கரண்டியை அதன்மேல் வைத்துவிட்டாள். கடைக்காரன் அதற்கும் ஒரு சாமான் எடுத்துக் கொடுத்துவிடப் போகிறான்.

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ரிட்டையர் ஆனவனுக்குக் கார் எதற்கு என்று நீயும் கேட்பாய். ஊரே கேட்கிறது. மூத்தவள் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டாரை அழைத்துவர வாடகைக் கார் வைத்தோம். என் கூடப் பிறந்த காத்தாயி அக்கா மட்டும் கீழப்பழுவூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மத்தியான வெயிலில் நடந்து வந்தது. சீரை வைத்தது, பிள்ளைக்குத் திருநீறு பூசியது, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் திரும்பிப் போய்விட்டது. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது மலர்க்கொடிக்குத் தையில் முகூர்த்தம் குறித்ததும் நான் வெற்றிலை பாக்கோடு போய் நின்றேன். அக்கா வாசற்படியை விட்டு இறங்காமல் சொன்னது: "உன் மவ கல்யாணத்துக்கு நான் வரணும்னா, என் வாசல்ல கார் வந்து நிக்கணும். உன் சொந்தக் காரு. வாடகைக் கார்ல உன் சம்பந்தியை ஏத்திக்க."

வரமாட்டேன் என்பதைத்தான் அக்கா அப்படிச் சொல்கிறது என்று உன் அக்காள் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், கூடப் படித்த செல்லக்கண்ணு பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னான். எனக்கு மட்டும் அது கார் கேட்டதாகத்தான் காதில் விழுந்தது. கேட்டதை வாங்கிவிட்டேன். மாப்பிள்ளை, அத்தை உயிரோடு இருக்க, இன்னொருத்தி என் மகளுக்கு முதல் நலங்கு வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அக்கா வராவிட்டால் அந்தக் கல்யாணச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது. விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் பம்ப்.

கோழி எச்சத்தைச் சுரண்டி, பாடியைத் தேய்த்துப் பச்சைப் பெயிண்ட் அடித்து, சீட்டுக்கு உறை தைத்து, நம்ம ஊர் மெக்கானிக் சாமிக்கண்ணு இஞ்சினையும் கிளப்பிவிட்டான். சாமிக்கண்ணு டிராக்டருக்கும் கிணற்று இஞ்சினுக்கும் வைத்தியம் பார்க்கிறவன். எந்த வண்டியைக் கண்டாலும் "இது நம்ம டிராக்டர் மாதிரிதாங்க" என்பான். முதல் பயணத்துக்கு உன் அக்காள் பூஜை போட்டாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், விளக்குக்கு விளக்கு பொட்டு, பின்னால் இருக்கிற பெட்ரோல் டாங்க் மூடிக்கு ஒரு உருண்டைச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம். ஏன் அங்கே மட்டும் அவ்வளவு என்றால், சோறு போகிற வாய் அதுதானாம், வாயைக் குளிர வைத்தால் வயிறு குளிருமாம். வண்டி பூப்போல கிளம்பியது. பேரளி தாண்டியதும் விக்கியது, இருமியது, நின்றது. டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். முக்கால் டாங்க் இருந்தது. மூடிவிட்டு முடுக்கினால் கிளம்பியது. இன்னும் கொஞ்ச தூரம், மறுபடியும் விக்கல். திறந்து பார், மூடு, முடுக்கு. இப்படியே திறந்தும் மூடியும் வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன்.

சாமிக்கண்ணு நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, பம்புக்குள் இருக்கிற ஜவ்வு செத்துவிட்டது என்றான். பம்பைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன். பெட்ரோல் நாற்றம் தாங்காமல் ஆளாளுக்கு மூக்கைப் பிடிக்க, பின்சீட்டுக்காரர் ஒருவர் பீடியைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுக்க, கண்டக்டர் விசில் ஊதி என்னைப் பாடாலூரில் இறக்கிவிட்டார். பீடிக்காரர் சொகுசாகப் போனார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனால், திருச்சிக் கடைக்காரர் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவருடைய அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பெரியவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார். சாமான் இல்லையாம். ரப்பரை வெட்டிப் போட்டால் பெட்ரோலில் ஊறிக் களியாகிறது. கடைசியில் தவிலுக்குத் தோல் கட்டுகிறவரிடம் ஆட்டுத் தோலில் ஒரு வட்டம் வெட்டி வாங்கி மாட்டினோம். மாட்டுவதற்கு முன் அவர் ஒரு தடவை தட்டிக்கூடக் காட்டினார், நாதம் நன்றாகத்தான் இருந்தது. உன் அக்காள் மறுபடியும் பூஜை போட்டாள், சந்தனம் போன தடவையைவிடக் கூடுதல். வண்டி பேரளி தாண்டவில்லை.

அடுத்து மிதவையில் ஓட்டை என்றான் சாமிக்கண்ணு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் பற்றவைத்தோம். அவர் தாராளமான மனுஷர், ஈயத்தை அள்ளி அப்பியதில் மிதவை மூழ்கிப்போச்சு. பிறகு பெட்ரோல் குழாயை மாற்றினோம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. அதற்குள் நான் ஒரு மடத்தனம் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன் என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி வழக்கமான இடத்தில் படுத்துக்கொண்டது. அக்கா காத்திருக்குமே என்று சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, கல்லோடு கல்லாக உட்கார்ந்து போய் இறங்கினேன். அக்கா பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, பையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தது. "வந்திருக்கிறது என் தம்பியா, சுண்ணாம்பு மூட்டையா?" என்றது. பம்ப் சரியில்லை அக்கா, மெட்ராஸில் சொல்லியிருக்கிறேன் என்றேன். அக்கா நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. அந்தப் பட்டுப்புடவையை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை மாப்பிள்ளை. வரமாட்டேன்னு சொன்னவ எதுக்குப் பையைக் கட்டி வெச்சிருந்தா? நீயே சொல்லு.

ஆகையால் தாமதிக்காதே. பொங்கல் வந்துவிட்டால் கடையெல்லாம் சாத்திவிடுவான், அப்புறம் நாள் இல்லை. உன் ஆபீஸில் லீவு தராவிட்டால் உன் அக்காள் புருஷனுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல், பொய்யில்லை. சாமானை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீயே மடியில் வைத்துக்கொண்டு வா. பஸ்ஸில் பீடி பிடிக்கிறவன் பக்கத்தில் உட்காராதே. நீயும் உன் குடும்பமும் குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழ்ந்து, உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு கார் நின்று, அது நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நிற்க வேண்டும் என்று எல்லாம் வல்ல மதுரகாளியம்மனை வேண்டிக்கொள்ளும்,

உன் நலம் நாடும்,
பிச்சைமுத்து.

பின்குறிப்பு, திங்கட்கிழமை: மேலே எழுதியது எதையும் செய்யாதே. தபாலில் சேர்க்க வைத்திருந்த கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் எழுதி முடித்ததும் உன் அக்காளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஊர் சிரிக்க வெச்ச வண்டிக்குச் சந்தனம் ஒரு கேடா?" என்று புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு போய்ப் பொட்டையெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டாள். நேற்று சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். பேரளி தாண்டியது. விக்கவில்லை. அரியலூர் வந்தது. நிற்காத காரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, நானே நிறுத்தி இறங்கிச் சுற்றிவந்து பார்த்தேன். டாங்க் மூடி தங்கம்போல மின்னியது, அதன் நடுவில் ஒரு ஊசித் துளை. மண்ணெண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, காற்றுப் போக இன்னொன்றும் போடுவோமே, அந்த இன்னொன்று இதுதான். அதைத்தான் உன் அக்காள் பூஜைக்குப் பூஜை சந்தனம் வைத்து அடைத்திருக்கிறாள். அவளிடம் சொன்னதற்கு, கும்பிட்டபோது ஓடாத வண்டி திட்டினதும் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். அதே வைத்தியத்தை இன்று காலையிலிருந்து எனக்கும் ஆரம்பித்திருக்கிறாள்.

அரியலூரிலிருந்து நேரே கீழப்பழுவூர் போய் அக்கா வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். அக்கா வெளியே வந்தது, காரை ஒரு சுற்றுச் சுற்றியது, "பரவால்லடா" என்றது. உள்ளே போய்ப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பையோடு வந்தது. கையில் சந்தனக் கிண்ணம். "இவ்வளவு பளபளன்னு வெச்சிருக்க, ஒரு பொட்டு வைக்கத் தோணலையா உன் பொண்டாட்டிக்கு?" என்று கேட்டபடி, நான் வாயைத் திறப்பதற்குள் டாங்க் மூடியில் ஒரு உருண்டையை அப்பிவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் பேசாத அக்கா ஆசையாக வைத்த பொட்டை அழி என்று நான் எப்படி மாப்பிள்ளை சொல்வேன்?

அரியலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. ஊக்கை எடுத்துத் துளையில் குத்தலாம் என்று இறங்கினால் அக்காவும் கூடவே இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றது. மூடியைத் திறக்கலாமாம், சந்தனத்தில் கை வைக்கக் கூடாதாம். திறந்து மூடி உடனே கிளப்பியிருக்கலாம். நான் கிளப்பவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். என் வீட்டில் சாப்பிடாமல் போன அக்கா தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றை உருட்டி என் கையில் வைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காரம் என்று சொல்லிவைத்தேன்.

வீடு வந்து சேர்வதற்குள் வண்டி எத்தனை தடவை நின்றதோ, அத்தனை தடவையும் பேசினோம். கடைசியாக நின்றபோது அக்கா சொன்னது: "அந்தப் பம்புதான்டா இது. மெட்ராஸ்ல அமிர்தவல்லி தம்பி இருக்கான்ல, அவனுக்கு இன்னொரு லெட்டர் போடு. கல்யாணம் முடிஞ்சு நான் போறப்ப, புதுப் பம்பு போட்ட கார்லதான் போவேன்."

ஆகையால் மாப்பிள்ளை, பம்ப் ஒன்று வாங்கி வா. ஆஸ்டின் பம்பாக இருக்க வேண்டியதில்லை. லாரியுடையதானாலும் சரி, கிணற்று இஞ்சினுடையதானாலும் சரி, பார்க்கக் கனமாக இருந்தால் போதும். பந்தலுக்குள் நுழையும்போது அக்கா கண்ணில் படுகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வா. அந்த மூடியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.