சைக்கிள் சாத்திரம்

படியில் இறங்கும்போது பாலேந்திராவின் இரண்டு கால்களும் வேறு வேறு ஆட்களுடையவை போல நடந்தன.

"சைக்கிள் சீற்றைக் கொஞ்சம் உயர்த்துங்கோவன்," என்றாள் மனைவி அருமைநாயகி. "முழங்கால் மடிஞ்சபடியே மிதிக்கிறியள். உளையாமல் என்ன செய்யும்?"

"உமக்கென்ன விளங்கும்? நான் ஸ்ரான்லி அண்ணையைக் கேக்கிறன்."

கெடுகிற காலத்தில் வீட்டுப் புத்தி எவனுக்குத்தான் காதில் ஏறியது?

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் யன்னல் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பாலேந்திரா புதிது. ஆளைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். நாள் முழுக்க நின்று கண்ணாடி தூக்க வேண்டும். நொண்டுகிறவனை யார் வைத்திருப்பான்? காரை அருமைநாயகி முதியோர் இல்ல வேலைக்குக் கொண்டுபோய்விடுவாள். இவனுக்குச் சைக்கிள்தான்.

ஸ்ரான்லி அண்ணையோ சைக்கிள் பண்டிதர். மாதா கோயில் ஞாயிறு பூசைக்கே தோலோடு ஒட்டின கறுப்பு உடுப்பில்தான் வருவார். அவருடைய வயிறு மட்டும் அந்த உடுப்புக்குச் சம்மதிக்கவில்லை. கார்க்கூரையில் மினுங்குகிற சைக்கிள். கோயில் வாசலில் நின்று உபதேசம்.

"யாழ்ப்பாணத்திலை ஓடினதெல்லாம் ஓட்டமோ, தம்பி? இது விஞ்ஞானம். சீற்றை அடியோடை பதி. இருந்தபடி ரெண்டு பாதமும் நிலத்திலை முழுசாப் பட வேணும்."

பதித்தான். மறுநாள் மிதிக்க மிதிக்க முழங்கால் மேலேறி வந்து முகத்து நாடியில் இடித்தது. வேலையில் கண்ணாடியைத் தூக்கியவன் "ஐயோ அம்மா!" என்று கத்தினான். வேலையை மேற்பார்க்கிற டெனிஷ்காரப் போர்மனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு.

"அண்ணை, உளைவு கூடிப்போச்சு."

"கூடத்தான் வேணும். நோவு வெளியிலை வருது. அதுசரி, நீ எங்கை பாத்து ஓடுறாய்?"

"றோட்டைத்தான்."

"பிழை! சில்லுக்கு முன்னாலை பாக்கக் கூடாது. தூரத்திலை ஒரு மரத்தைப் பார். உடம்பு தானா நேராகும், கால் இளகும்."

பாலேந்திரா மரத்தைப் பார்த்தான். பார்த்துப் பார்த்து அந்த மரத்திலேயே போய்ச் சேர்ந்தான். வேலைக்குப் பிந்தினான்.

"இன்னொரு தரம் பிந்தினால் வரத் தேவையில்லை," என்றான் போர்மன்.

மூன்றாம் ஞாயிறும் வெட்கமில்லாமல் அதே வாசலில் நின்றான்.

"அண்ணை, வேலை போகப்போகுது."

ஸ்ரான்லி அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிக் கடைசி வைத்தியம்தான். ரெண்டு பெடலையும் கழட்டு."

"பெடலையோ?"

"மிதிக்கிறதாலைதானே உளையுது? மிதியாதை. சீற்றிலை இருந்துகொண்டு காலாலை நிலத்தை உந்து. சமநிலை வரும்."

"சமநிலை என்னட்டை இருக்குத்தானே, அண்ணை."

"இருக்கெண்டு நினைக்கிறாய்!"

இந்த மறுமொழியோடு மூளையுள்ளவன் வீட்டுக்குப் போயிருப்பான். பாலேந்திராவும் வீட்டுக்குத்தான் போனான், ஸ்பானர் எடுக்க.

திங்கட்கிழமை காலை, தாரா வாத்தைப் போல நிலத்தை உதைத்து உதைத்துப் போனான். பாலர் பாடசாலைக்குப் போகிற சின்னப் பெட்டை ஒன்று அவனை எட்டிப் பிடித்தது. இந்த ஊர்க் குஞ்சுகுருமான்கள் முதலில் ஓடுவதும் பெடலில்லாச் சைக்கிள்தான். தன் இனத்தான் ஒருவனைக் கண்ட மகிழ்ச்சியில் அது "ஹை!" என்று கை காட்டிவிட்டு முந்திப் போயிற்று.

போர்மன் வாசலிலேயே நின்றான். மணிக்கூட்டைப் பார்த்தான். சைக்கிளைப் பார்த்தான். பெடல் இருக்க வேண்டிய இடத்தை நெடுநேரம் பார்த்தான்.

"வீட்டுக்குப் போ," என்றான். "நாளைக்கும் வீட்டிலேயே இரு."

பாலேந்திரா சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே ஸ்ரான்லி அண்ணை வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினான், விடாமல் அழுத்தினான். அவர் மனைவி சுசீலாதேவி கதவைத் திறந்தாள்.

"எங்கை அக்கா அண்ணை? அவரின்ரை சைக்கிள் சாத்திரத்தாலை என்ரை வேலை போச்சுது!"

அவள் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும் தம்பி, அவர் நகரசபைக் கொம்யூனிலை சைக்கிள் ஓடப் பழகிற வகுப்புக்குப் போயிட்டார், இண்டைக்குத்தான் அவருக்குப் பெடல் பூட்டி விடுகினமாம்."